கம்பளிக்காகக் கட்டிய குளம்



யூலை மாதம் பிறந்தால் எங்கள் வீடுகளில் ஒரே கேள்விதான். இந்த முறை எந்தக் குளத்துக்குப் போவோம்? றூர்சே, மோனசே, பிக்கசே என்று பெயர்கள் வரும். யாராவது ஒருவர் வானிலை பார்ப்பார், இன்னொருவர் கோழி பிரட்டி வைப்பார். இந்தப் பெயர்களின் வாலில் நிற்கும் 'சே' என்ற சொல் எங்களைச் சற்று ஏமாற்றுகிறது. யேர்மன் மொழியில் அதற்கு ஏரி என்று பொருள். ஆனால் இவை மூன்றுமே இயற்கை ஏரிகள் அல்ல. ஓர் ஆற்றைச் சுவரோ மண்கட்டோ மறித்து நிற்பதால் உண்டான நீர்த்தேக்கங்கள். இதே மொழியில் இவற்றுக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'தால்ஷ்பெற'. தால் என்றால் பள்ளத்தாக்கு, ஷ்பெற என்றால் மறிப்பு. குளிக்கப் போகும்போது முதற் பெயரைச் சொல்கிறோம். இரண்டாவது பெயர்தான் உண்மையைச் சொல்கிறது.

இந்த இதழில் நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது பெரிய அணை ஒன்றையும் அல்ல. கேள்ன் நகருக்குத் தென்மேற்கே, ஐபெல் மலைகள் தொடங்கும் விளிம்பில், ஒய்ஸ்கியர்ஷன் என்ற நகரம் இருக்கிறது. அதன் தென்கிழக்கே காட்டுக்குள் இருப்பது ஸ்ரைன்பாக் அணை. ஸ்ரைன்பாக் என்றால் கல்லோடை. 2021 யூலைக்கு முன்பு அந்தப் பகுதிக்கு வெளியே அதன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

அந்த அணை 1934 முதல் 1936 வரை கட்டப்பட்டது. வெள்ளம் தடுப்பதற்காகவோ குடிநீருக்காகவோ அதைக் கட்டவில்லை. கம்பளித் துணிக்காகக் கட்டினார்கள். ஒய்ஸ்கியர்ஷனும் சுற்று வட்டாரமும் அக்காலத்தில் துணி ஆலைகளால் வாழ்ந்த ஊர்கள். சீருடைத் துணிக்குப் பெயர் போனவை. செம்மறியின் கம்பளியை அப்படியே நெய்ய முடியாது. அதில் கொழுப்பும் மண்ணும் ஒட்டியிருக்கும். கழுவ வேண்டும், சாயம் போட வேண்டும், நெய்த பின் துணியை நனைத்து மிதித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் சுண்ணாம்பு குறைந்த மென்னீர் வேண்டும். கோடையில் ஓடைகள் மெலிந்தால் ஆலை நிற்கும். ஆகவே மழைக்காலத்துத் தண்ணீரைப் பிடித்து வைக்க மண்ணைக் கொட்டி இறுக்கி, ஏறத்தாழ 240 மீற்றர் நீளத்துக்கு ஒரு கட்டுப் போட்டார்கள்.

கட்டின் பின்னால் நிற்கக்கூடிய தண்ணீர் 10 இலட்சம் கன மீற்றருக்குச் சற்று மேல். றூர்சேயோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்குகூட வருமோ என்னவோ, அவ்வளவு சிறியது. ஆனால் ஒரு கன மீற்றர் தண்ணீரின் நிறை ஒரு தொன். எனவே அந்தச் 'சிறிய' குளம் பத்து இலட்சம் தொன் பாரம்.

ஆலைகள் நிலைக்கவில்லை. 1950களுக்குப் பிறகு மலிவான துணி வெளியிலிருந்து வந்தது, உள்ளூர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒய்ஸ்கியர்ஷனின் குகன்ஹைம் பகுதியில் இருந்த முல்லர் ஆலை 1961இல் மூடியது. இயந்திரங்களை அப்படியே வைத்து 2000ஆம் ஆண்டில் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய தறிகள் ஓடும் சத்தத்தை இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய்க் கேட்கிறார்கள். ஆலை மூடினால் அருங்காட்சியகம் ஆகலாம். ஆலைக்குத் தண்ணீர் கொடுத்த அணை என்ன ஆகும்?

உல்லாச இடமாகும். ஸ்ரைன்பாக்கிலும் அதுதான் நடந்தது. சுற்றிவர நடைபாதை, மீன் பிடிப்பவர்கள், பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே பெரிய திறந்தவெளி நீச்சல் தடாகம். ஞாயிறு பின்னேரங்களில் வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆலைத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் அந்தத் தண்ணீரின் அருகே விளையாடுவது நல்ல முடிவுதான் என்று எங்களுக்குப் படுகிறது. ஆனால் ஆலைக்காரனுக்கு அந்த அணை பிழைப்பு. அது ஒழுகினால் அவனுடைய பணம் ஒழுகும், அதனால் அவன் கண் அதன்மேல் இருக்கும். உலாவ வருகிறவரின் கண் வேறு பக்கம் பார்க்கும். அணை மாறவில்லை, பாரமும் குறையவில்லை. பார்க்கிற கண்கள்தான் மாறிவிடுகின்றன. இது எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. தாதியராகிய எங்களுக்கு அந்தக் கதையில் தனி அக்கறையும் உண்டு. ஆகவே சற்று நின்று சொல்கிறோம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் போர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை இருந்தது. சரக்குப் படகுகள் ஓடும் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க 1838இல் வேலை தொடங்கி 1853இல் கட்டி முடித்தார்கள். முடிக்கிற நேரம் ரயில் வந்துவிட்டது, கால்வாய் செத்துவிட்டது. அணை கைமாறிக் கைமாறிப் போனது. இடையில் ஓர் உரிமையாளர், அணையின் அடியில் இருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார். அந்தக் குழாய்கள்தான் குளத்தைத் தேவையானபோது வடியவைக்கும் ஒரே வழி. பிறகு 1879இல் அது பிற்ஸ்பேர்க் நகரத்துச் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகத்திடம் வந்தது. அன்ட்ரூ கார்னகி, ஹென்றி பிறிக் போன்ற உருக்குத் தொழில் அதிபர்கள் உறுப்பினர்கள். குளக்கரையில் கோடை வீடுகள் எழுந்தன, பாய்மரப் படகுகள் ஓடின.

கழகம் அணையில் செய்த மாற்றங்களைக் கேளுங்கள். இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக வசதியாக இருக்கட்டும் என்று கட்டின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் தப்பிப் போகாதிருக்கட்டும் என்று, மிகுதி நீர் வெளியேறும் வாயிலில் இரும்பு வலைத்தட்டி போட்டார்கள். குழாய்களைத் திரும்பப் போடவே இல்லை. கீழே ஜோன்ஸ்ரவுன் நகரில் இருந்த இரும்பாலை 1880இல் தன் பொறியியலாளரை அனுப்பிப் பார்த்தது. வடியவைக்கக் குழாய் இல்லை, கட்டில் ஒழுக்கு இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தார். கழகம் பொருட்படுத்தவில்லை.

1889 மே 31. இரவு முழுவதும் பெய்த மழையில் குளம் ஏறியது. மிதந்து வந்த மரமும் சருகும் மீன் வலையில் சிக்கி வாயிலை அடைத்தன. தாழ்த்திய உச்சிக்கு மேலாகத் தண்ணீர் வழிந்தது. பிற்பகலில் கட்டு உடைந்தது. கீழே 20 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்த ஜோன்ஸ்ரவுனைத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். தந்தி மூலம் எச்சரிக்கை போயிருந்தது. ஆனால் அணை உடையப் போகிறது என்ற பேச்சை ஒவ்வொரு பெருமழையிலும் கேட்டுப் பழகிய மக்கள் அதை நம்பவில்லை.

ஐந்து நாள் கழித்து, 67 வயதில், கிளாரா பார்ட்டன் அம்மையார் அங்கே போய் இறங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயக்காரரைப் பராமரித்தவர், 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர். போர் இல்லாத காலத்துப் பேரழிவில் அந்தச் சங்கம் செய்த முதற் பெரிய பணி ஜோன்ஸ்ரவுன்தான். ஏறக்குறைய ஐந்து மாதம் அங்கேயே தங்கி, வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடம் கட்டி, சாப்பாடு கொடுத்து, பொருட்களைப் பகிர்ந்தார். தாதியர் வரலாற்றுப் பாடத்தில் இவர் பெயர் போர்க்களத்தோடுதான் வரும். ஓர் உல்லாசக் குளத்தின் கீழே அவர் செய்த வேலையும் சேர்ந்து வர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தற்செயலாக, அதே 1889இல்தான் யேர்மனியில் றெம்ஷைட் நகரில் நாட்டின் முதலாவது குடிநீர் அணையைக் கட்டத் தொடங்கினார்கள். ஆகன் பேராசிரியர் ஒற்றோ இன்ற்ஸ வரைந்த அந்த அணை 1891இல் முடிந்தது. அவர் கற்சுவர் அணைகளை விரும்பியவர். மண் அணைக்கும் கற்சுவருக்கும் இருக்கும் வேறுபாடு இங்கே முக்கியம். அதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்க் குளத்தை நினைத்தால் போதும்.

வன்னியிலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். குளம் என்றால் கட்டு, துருசு, வான் என்று மூன்றையும் சொல்வார்கள். கட்டு தண்ணீரை மறிக்கும். துருசு அடியிலிருந்து அளவாகத் திறந்துவிடும். குளம் நிரம்பினால் மிகுதி தானாக வெளியேற ஒதுக்கிய இடம் வான். தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் சபைக் குடும்பங்கள் இவற்றை மதகு என்றும் கலிங்கு என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்று. குளம் 'வான் பாய்கிறது' என்றால் ஊரே பார்க்கப் போகும், அது மகிழ்ச்சியான செய்தி. கட்டுக்கு மேலால் பாய்கிறது என்றால் ஊர் ஓட வேண்டும். கற்சுவரின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அது சில நேரம் தாங்கும். மண்கட்டில் அப்படியல்ல. வழிகிற தண்ணீர் முதலில் மறுபக்கச் சரிவின் புல்லைப் பிடுங்கும், பிறகு அடியிலிருந்து மண்ணை அரித்து மேல்நோக்கி ஏறும். அரிப்பு உச்சியைத் தொட்டால் ஒரு வாய் திறக்கும். அதன்பின் ஓடுகிற தண்ணீரே அந்த வாயை அகலமாக்கிக்கொள்ளும். யாரும் அதை நிறுத்த முடியாது.

மண்கட்டு உடைவதற்கு வேறு வழிகளும் உண்டு. 1986 ஏப்ரல் 20, ஞாயிறு அதிகாலை மூன்று மணியளவில் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளம் உடைத்தது. கோணேசர் கோயிலுக்காகக் குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் மரபு சொல்கிற பழைய குளம் அது. 120க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 1,600க்கு மேற்பட்ட வீடுகள் போயின. கட்டின்மேல் மிகப் பாரமான வாகனங்களை ஓட்டியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கட்டு என்பது நடக்க வசதியான மேட்டுப் பாதையாகத் தெரிவதால் வரும் வினை இது. சவுத் போர்க்கில் குதிரை வண்டி, கந்தளாயில் பார வாகனம்.

யேர்மனியிலும் சிறிய மண் அணை உடைந்திருக்கிறது. 2002 ஓகஸ்ட் 12 அன்று, சக்சன் மாநிலத்தின் சின்வால்ட் பகுதியில் ஒரே நாளில் 312 மில்லிமீற்றர் மழை பெய்தது. அன்று அதே மலைப்பகுதியில் கிளாஸ்ஹுற்ற என்ற சிற்றூருக்கு மேலே இருந்த சிறிய வெள்ளத்தடுப்பு அணை வழிந்து உடைந்தது. கைக்கடிகாரங்களுக்குப் பெயர் பெற்ற அந்த ஊருக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தன.

இப்போது ஸ்ரைன்பாக்குக்குத் திரும்புவோம். 2021 யூலை 14, புதன்கிழமை. 'பேர்ண்ட்' என்று பெயரிட்ட தாழமுக்கம் மேற்கு யேர்மனியின் மேல் நகராமல் நின்றது. கேள்ன் நகரின் ஒரு மழைமானியில் 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் பதிவானது. ஐபெலின் ஓடைகள் எல்லாம் ஆறாகின. கல்லோடையின் தண்ணீர் அணைக்குள் பாய்ந்து, கட்டின் உச்சியைத் தாண்டி மறுபக்கச் சரிவில் வழிந்தது. மேலே சொன்ன அதே அரிப்பு தொடங்கியது. பின்னர் வந்த படங்களில் அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். புல் மூடிய அழகான சாய்வாக இருந்தது, பெரிய பெரிய பள்ளங்களாகக் கிழிந்து கிடந்தது. அடியில் இருந்த துருசோ சேற்றாலும் குப்பையாலும் அடைபட்டுவிட்டது.

அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் நோயாளியின் உடலில் ஒரு வடிகுழாய் இருக்கும். வேலைக்கு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அது ஓடுகிறதா என்பதைத்தான். குழாயில் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு பொருள் இருக்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது குழாய் அடைபட்டு உள்ளே தேங்குகிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அணையின் அடிக்குழாயும் அப்படித்தான். வருடக் கணக்காகத் தேவைப்படாத ஒன்று, தேவைப்படும் ஒரே இரவில் திறக்க வேண்டும்.

அணைக்குக் கீழே ஷ்வைன்ஹைம், பிளாமர்ஸ்ஹைம், பால்மர்ஸ்ஹைம் என்ற ஊர்கள். அங்கிருந்து ஏறத்தாழ 4,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இன்னும் கீழே, ஸ்விஸ்ற்றால், றைன்பாக் பகுதி ஊர்கள் சிலவற்றிலிருந்தும் மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஏ 61 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை மூடினார்கள். அணையைப் பார்த்த நிபுணர் அது மிகவும் உறுதியற்ற நிலையில் இருப்பதாகச் சொன்னார். 'தே-ஹா-வே' என்று நாங்கள் அறிந்த தொழில்நுட்ப உதவிப் படையும் தீயணைப்புப் படையும் பெரிய பம்பிகளால் தண்ணீரை இறைத்தன. ஆனால் பத்து இலட்சம் தொன்னைப் பம்பியால் மட்டும் இறைத்து முடிக்க முடியாது. துருசைத் திறந்தே ஆக வேண்டும்.

துருசின் வாய் இருந்த இடம் கிழிந்துபோன கட்டின் காலடி. கட்டு உடைந்தால் அங்கே நிற்பவர் தப்ப வழியில்லை. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மண்வேலை ஒப்பந்தக்காரர் ஒருவர், தன் தொழிலாளிகளை அனுப்பாமல் தானே பெக்கோ இயந்திரத்தில் ஏறி அங்கே இறங்கினார். மணிக்கணக்காகச் சேற்றைத் தோண்டி அடைப்பை நீக்கினார். தண்ணீர் வடியத் தொடங்கியது. யூலை 19ஆம் திகதி ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள், மக்கள் வீடு திரும்பினார்கள். கட்டு உடையவில்லை.

அந்த வெள்ளத்தில் யேர்மனியில் மட்டும் 180க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். ஸ்ரைன்பாக் கட்டும் உடைந்திருந்தால் அந்த எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட நாங்கள் விரும்பவில்லை.

உடனே எழும் கேள்வி: இந்த நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. 'டின் 19700' என்ற அணைக்கட்டு விதி 2004இல் புதுப்பிக்கப்பட்டது. உயரம் 15 மீற்றருக்கு மேல், அல்லது கொள்ளளவு 10 இலட்சம் கன மீற்றருக்கு மேல் என்றால் அது பெரிய அணை. அத்தகைய அணையின் வான், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை ஒழுங்காக வெளியேற்ற வேண்டும். பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதிலும் கட்டு உடையாமல் நிற்க வேண்டும். ஆயிரம் ஆண்டு என்றதும் எங்கள் பேரன்களின் பேரன்களுக்கும் கவலையில்லை என்று தோன்றும். கணக்கு அப்படியல்ல. ஒவ்வொரு வருடமும் ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். எண்பது வருட வாழ்நாளில் அதை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய எட்டு. மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் 'அரிது' என்று எழுதிய பக்கவிளைவு என்றால், ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரை வரலாம் என்று அர்த்தம். வைத்தியசாலையில் நாங்கள் அந்த ஒருவரைப் பார்த்திருக்கிறோம். மேலும் இந்த ஆயிரம் ஆண்டுக் கணக்கைப் போடுவதற்கு எங்களிடம் இருப்பது சுமார் நூறு வருட அளவீடுகள். காலநிலையும் அந்த நூறு வருடம் போல இனி இருக்காது.

வெள்ளத்தின் பின் ஸ்ரைன்பாக் குளம் வெறுமையாக்கப்பட்டது. மறுபடி நிரம்பாதபடி கட்டில் ஒரு வெட்டு வெட்டி, ஓடையைத் தடையின்றிப் போகவிட்டார்கள். படகில்லாத, மீனில்லாத புல்வெளிப் பள்ளத்தைப் பார்த்து அந்தப் பகுதி மக்கள் வருந்தியது நியாயம். பல தலைமுறைகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே இருந்தன. மீண்டும் கட்டுவதென்றால் வெள்ளத் தடுப்புக்கும் உதவும்படி கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அங்கேதான் சிக்கல் இருக்கிறது. குளிக்கவும் படகோட்டவும் யூலையில் குளம் நிறைந்திருக்க வேண்டும். பெருமழையைப் பிடித்து வைக்க யூலையில் குளம் காலியாக இருக்க வேண்டும். கோடை இடிமழைக்கும் கோடை விடுமுறைக்கும் ஒரே மாதம். இரண்டையும் ஒரே குளத்தில் வைத்திருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கரை இரண்டு மீற்றர் சேறாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று உல்லாசத்துக்கு வருகிறவர்கள் சொல்ல வேண்டும். எங்களைக் கேட்டால், கீழே இருக்கும் ஊர்களுக்குத்தான் முதல் வாக்கு. நாங்கள் வருடத்தில் இரண்டு நாள் வருகிறவர்கள். அவர்கள் ஒவ்வொரு இரவும் அங்கே தூங்குகிறவர்கள்.

அடுத்தமுறை வாலிபர் ஒன்றுகூடலை இப்படி ஓர் இடத்தில் வைத்தால், பந்து விளையாடி முடிந்ததும் கட்டின்மேல் நடந்து மறுபக்கம் பாருங்கள். வான் எங்கே, அது மரக்கிளை இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா, கீழே முதலில் தெரியும் கூரை எந்த ஊர்? சரிவில் பெரிய மரம் வளரவிடமாட்டார்கள், வேர் வழியே தண்ணீர் வழி தேடும் என்பதால். அதனால்தான் அந்தப் புல் எப்போதும் வெட்டியிருக்கும். புது ஈரமோ பொந்தோ தெரிந்தால் காவலருக்குச் சொல்லலாம். வேலி போட்ட இடத்தில் ஏற வேண்டாம்.

குளிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பொன் நகருக்குத் தண்ணீர் கொடுக்கும் வான்பாக் அணை போன்ற குடிநீர்த் தேக்கங்களில் குளிக்கவே கூடாது. அனுமதி உள்ள இடங்களிலும் அணைச் சுவர், கோபுரம், மிதவைக் கோடு ஆகியவற்றின் பக்கம் போகக்கூடாது. அங்கே அடியில் தண்ணீர் இழுக்கும் வாய் இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. வெயிலில் மேல்தண்ணீர் இதமாக இருக்கும், இரண்டு மூன்று மீற்றர் கீழே உறைக்கும் குளிர். குளிர் திடீரெனப் பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுபடும், நல்ல நீச்சல்காரருக்கும்தான். எங்கள் பெற்றோர் பலர் பிள்ளை 'சீபெயர்ட்ஷன்' எடுத்துவிட்டால் நீந்தத் தெரியும் என்று நம்புகிறார்கள். அது 25 மீற்றர் நீந்தியதற்கான அடையாளம், அவ்வளவுதான். 'டே-எல்-எர்-கே' என்ற உயிர்காப்புச் சங்கம், 15 நிமிடம் நீந்தி அதற்குள் 200 மீற்றராவது கடக்க வேண்டிய வெண்கலச் சின்னம் பெற்ற பிள்ளையைத்தான் பாதுகாப்பாக நீந்துகிறவர் என்று கொள்கிறது. 1912இல் பின்ஸ் கடற்கரையில் இறங்குதுறை உடைந்து பலர் மூழ்கிய பிறகு, 1913இல் தொடங்கிய சங்கம் அது. மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கத்திக் கையசைப்பதில்லை. பெரும்பாலும் சத்தமில்லாமல் போவார். வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் 112ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஐந்து முறை ஊதுங்கள், பிறகு முப்பது அழுத்தம், இரண்டு ஊதல்.

இன்னொன்று வீட்டில் செய்ய வேண்டியது. 2021இல் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின, எச்சரிக்கை எல்லோரையும் எட்டவில்லை. சின்சிக் நகரில் மாற்றுத் திறனாளிகளின் இல்லத்தில் மட்டும் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தாங்களாக மாடி ஏற முடியாதவர்களை ஏற்றிவிட நேரம் போதவில்லை. அதன்பிறகு சைரன்கள் திரும்ப வந்தன. 2023 பெப்ரவரி முதல், ஆபத்துப் பகுதியில் இருக்கும் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறையும் வந்தது. சைரன் ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரு நிமிடம் ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. வருடந்தோறும் செப்ரெம்பர் மாத இரண்டாவது வியாழன் காலை 11 மணிக்கு நாடு முழுவதும் ஒத்திகை. அன்று உங்கள் வீட்டு அம்மம்மாவின் தொலைபேசி அலறும். யேர்மன் மொழியில் வரும் அந்தச் செய்தியை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்துங்கள். அதே இருப்பில் அவருடைய மருந்துகளின் பெயர், அளவு, நேரம், குடும்ப வைத்தியரின் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது.